நம் வீட்டுப் பதக்கம் போலிதான் என்று நிரூபிக்க நான் பட்ட பாடு

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் அண்ணியும் சுகம்தானே? இங்கே நாங்கள் மூவரும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் முப்பத்திரண்டு வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்து, அடுத்தவர் தராசில் அரை கிராம் பொய்யைக்கூடப் பொறுக்காதவன், தன் கடிதத்தின் முதல் பத்தியிலேயே பொய் எழுதக் கூடாது. மகள் இருபது நாள் என்னோடு பேசாமல் இருந்தாள். மனைவி பேசினாள், பேசாமல் இருந்திருந்தாலே தேவலை. அப்பாவின் பதக்கத்தைப் பற்றி ஏதாவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டு உங்களுக்கு மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு கார்டு போட்டேனே, அதற்கும் பதில் இல்லை. உங்கள் பதிலுக்குக் காத்திருந்தால் ஆகாது என்று நானே களத்தில் இறங்கி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். கல்யாணத் தேதி பேச சம்பந்தி வந்திருந்தார். மாப்பிள்ளைப் பையன் தங்கமான பையன், நான் எவ்வளவோ முயன்றும் ஒரு குறை கண்டுபிடிக்க முடியவில்லை. அவன் அப்பா பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். வந்தவரைச் சும்மா உட்காரவைத்து ஒரு காபி கொடுத்து அனுப்பியிருக்கலாம். என் நாக்கில் சனி. கண்ணாடி அலமாரியைத் திறந்து அப்பாவின் பதக்கத்தை எடுத்து, துறைமுகக் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்தபோது கடலில் விழுந்தவர்களைக் காப்பாற்றியதற்காகக் கொடுத்தது என்று ஆரம்பித்தேன். அப்பா அதைப் பற்றி வாயே திறந்ததில்லை, கடல் கதை நாமாகச் சொல்லிக்கொண்டது என்பது உங்களுக்கே தெரியும். நம் சின்ன வயதில் மூன்று பேரைக் காப்பாற்றியிருந்தார். என் பணி ஓய்வு விழாவில் ஏழு ஆனார்கள். சம்பந்தியிடம் ஒன்பது என்றேன். அவர் பதக்கத்தைத் திருப்பி, நங்கூரத்துக்குக் கீழே இருந்த 'ஒழுங்கு காத்தவர்' என்ற எழுத்தையும் விளிம்பில் இருந்த 417 என்ற எண்ணையும் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. காபியைப் பாதியிலேயே கீழே வைத்தார்.

"சம்பந்தி, இது கடல்ல குதிச்சதுக்குக் கொடுத்தது இல்ல. துறைமுக வேலைநிறுத்தத்தப்போ கூட வேலை செஞ்சவங்களைக் காட்டிக் கொடுத்தவங்களுக்குக் கொடுத்தது. ஐநூறு பேருக்குக் கொடுத்தாங்க. எங்க அப்பா அந்த வேலைநிறுத்தத்துலதான் அடி வாங்கினார். இது அசலா நகலான்னு நல்லா விசாரிச்சுடுங்க. அதுக்கப்புறம் தேதி பார்க்கலாம்," என்று சொல்லிவிட்டு எழுந்தார். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனார். நான் சொல்லவில்லை.

யாருக்குக் கொடுத்தார்கள் என்று பதிவேட்டைப் பார்க்கலாமே என்பீர்கள். அது அந்தக் காலத்திலேயே எரிந்து போய்விட்டதாம். யார் கொளுத்தினார்கள் என்று ஐநூறு பேரையும் கேட்டால் தெரியும். ஆக, நாற்பது வருடம் அசல் அசல் என்று மார்தட்டியவன், ஒரே நாளில் அது போலியாக இருக்க வேண்டும் என்று சாமி கும்பிட ஆரம்பித்தேன். மகளோ, "நான் கட்டிக்கப் போறது அவரை, பதக்கத்தை இல்லப்பா. அதை ஏன் வெளியில எடுத்தீங்க?" என்று கேட்டுவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். அன்றிலிருந்து அங்கேதான் சாப்பாடு. அவள் நாற்காலி காலியாகக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு எனக்குச் சோறு இறங்கவில்லை, அண்ணா.

முதலில் என் சொந்தத் தராசில் போட்டேன். முப்பத்தொன்று புள்ளி நாலு இரண்டு கிராம். சரி, அசல் எவ்வளவு எடை இருக்க வேண்டும்? தெரியாது. ஒப்பிட எதுவுமே இல்லாமல் நான் எடை போட்டது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. தரையில் போட்டுச் சத்தம் கேட்டேன். மனைவி எட்டிப் பார்த்து, "அதை என்கிட்ட கொடுங்க, எழுத்து இடுக்கு பூரா கறுப்பா அழுக்கு, தேய்ச்சுத் தரேன்," என்றாள். நம் வீட்டில் எது மங்கலாக இருந்தாலும் அவளுக்குத் தூக்கம் வராது. அதற்குப் பயந்துதானே அலமாரிச் சாவியை இத்தனை வருடமும் என் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். தொடக் கூடாது என்று சத்தம் போட்டுவிட்டு நகை ஆசாரியிடம் ஓடினேன்.

ஆசாரி கல்லில் உரைத்துப் பார்த்து, "சுத்தமான வெள்ளி, நல்ல பொருள்," என்றார். நல்லா பாருங்க, உள்ளே பித்தளை இருக்கும் என்றேன். மறுபடியும் உரைத்தார். "இல்லைங்க, அசல் வெள்ளி." ஒருவேளை ஈயம்? "என் தொழில்ல போலியை அசல்னு சொல்லச் சொல்லிக் கெஞ்சறவங்களைத்தான் பார்த்திருக்கேன். நீங்க எதை மறைக்கப் பார்க்கறீங்க?" என்று சந்தேகமாகக் கேட்டார். பட்டறையில் இருந்த நாலு பேரும் என்னைத் திருடனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். வெளியே வந்து யாருக்கும் தெரியாமல் வியர்வையைத் துடைத்துக்கொண்டேன்.

கடைசிப் புகலிடம் அருங்காட்சியகம். அங்கே பழைய நாணயங்களையும் பதக்கங்களையும் பார்க்கும் அதிகாரியம்மா சின்ன வயதுதான், ஆனால் படு கெட்டிக்காரி. எண்ணைப் பார்த்ததும் சிரித்தார். "நானூத்திப் பதினேழா? இது எனக்கு ஏழாவது." வேலைநிறுத்தம் முடிந்தபிறகு வீடு வீடாகப் போலீஸ் சோதனை நடந்ததாம். வாசலில் இந்தப் பதக்கத்தைக் காட்டினால் உள்ளே வராமல் போய்விடுவார்களாம். அதனால் யாரோ ஒரு பட்டறைக்காரர் ஒரு அசலை வைத்து அச்சு எடுத்து, வெள்ளிக் கரண்டிகளை உருக்கி ஊற்றி, எண்ணைக்கூட மாற்றாமல் கொடுத்துவிட்டார். "அசல் 417 ஒண்ணே ஒண்ணுதான், அதை நான் இன்னும் பார்க்கலை. மத்ததெல்லாம் நகல். நகல் வெச்சிருந்தவங்க பாவம், பயந்தவங்க. அசல் வெச்சிருந்தவர்தான்…" என்று அதிகாரியம்மா நிறுத்திக்கொண்டார். அதை முடிக்காமல் விட்டதற்காகவே அவருக்குக் கும்பிடு போட்டேன். எழுத்து இடுக்கில் படிந்திருக்கும் பழைய அழுக்கை வைத்துத்தான் சொல்ல முடியும், அதற்கான கருவி பழுதுபார்க்கப் போயிருக்கிறது, வியாழக்கிழமை வாருங்கள், அதுவரை எக்காரணம் கொண்டும் தேய்த்துவிடாதீர்கள் என்றார்.

வியாழக்கிழமை போனால், வாசல் பெஞ்சில் சம்பந்தி உட்கார்ந்திருக்கிறார்! மடியில் ஒரு கைக்குட்டைப் பொட்டலம். என்னைப் பார்த்ததும், "மழைக்கு ஒதுங்கினேன்," என்றார். வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில். நான் பக்கத்தில் உட்கார்ந்து என் பதக்கத்தை எடுத்து மடியில் வைத்தேன். அவரே பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே நங்கூரம், ஒழுங்கு காத்தவர், 417.

"முப்பது வருஷம் வகுப்புல இந்தப் பதக்கக்காரங்களை வாய் வலிக்கத் திட்டியிருக்கேன், சம்பந்தி. போன வருஷம்தான் எங்க அப்பாவோட டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அடி வாங்கினார்னு நான் சொன்னது அவர் சொல்லிக் கேட்டதுதான். உங்க வீட்டுல இதைப் பார்த்ததும் என்னால காபியை முடிக்க முடியலை. உங்களோடது நகல்னா, என்னோடது அசலாயிடுமேன்னு பயம்." நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு இரண்டு பேரும் உங்களோடது அசலாக இருக்க வாய்ப்பே இல்லை, என்னோடதுதான் அசல் மாதிரி தெரிகிறது என்று மாறி மாறி மரியாதை செய்துகொண்டோம். மனசுக்குள் இரண்டு பேரும் நேர்மாறாகத்தான் வேண்டிக்கொண்டோம் என்பதை மறைப்பானேன்?

அதிகாரியம்மா மூன்று மணிக்குமேல்தான் வருவார் என்றார்கள். நம் வீடு பக்கம்தானே என்று சம்பந்தியைச் சாப்பிட அழைத்து வந்தேன். இரண்டு பதக்கத்தையும் சாப்பாட்டு மேஜையில் அவரவர் பக்கத்தில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனோம். திரும்பி வந்தால் மேஜை காலி. சமையலறையில் தண்ணீர்ச் சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் மனைவி இரண்டையும் பாத்திரப் பொடி போட்டு விளக்கி, பழைய பல் துலக்கும் பிரஷால் இடுக்கெல்லாம் குடைந்து, ஒரே தட்டில் கவிழ்த்து வைத்திருக்கிறாள். கண்ணாடி மாதிரி இரண்டும் பளபள. "இதுல எதுடி நம்மோடது?" என்று அலறினேன். "எனக்கென்ன தெரியும்? ரெண்டும் அழுக்கா இருந்துச்சு, ரெண்டையும் தேய்ச்சேன். அழுக்கை வெச்சுக்கிட்டு மூணு வாரமா ரெண்டு வீட்டுலயும் யாரும் நிம்மதியா சாப்பிடலையே, அது போதாதா?" என்றாள். அவள் தெரியாமல் செய்தாளா தெரிந்தே செய்தாளா என்று கேட்க எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.

மூன்று மணிக்குப் போனோம். அதிகாரியம்மா தலையில் கை வைத்துக்கொண்டு, "சரி, எது யாரோடதுன்னாவது தெரியுமா?" என்று கேட்டார். அண்ணா, இங்கேதான் உங்கள் தம்பி ஒரு காரியம் செய்தான். தராசு வீட்டில்தான் இருக்கிறது. முப்பத்தொன்று புள்ளி நாலு இரண்டு என்ற கணக்கு எனக்கு மனப்பாடம். ஒரே ஒரு தடவை எடை போட்டால் நம்முடையது எது என்று தெரிந்துவிடும். சம்பந்தி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "தெரியாதும்மா," என்றேன். "எனக்கும் தெரியாது," என்றார் அவர், அவ்வளவு வேகமாக. அப்படியானால் நான் பார்த்துச் சொல்லி யாருக்கு என்ன ஆகப் போகிறது என்று அதிகாரியம்மா இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். சம்பந்தி இந்தத் தடவை காபியைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுத் தேதி குறித்தார். மகள் தட்டை எடுத்துக்கொண்டு வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தாள். பணியில் இருந்த காலம் முழுக்க நான் சொல்லாத பொய்யை அன்றைக்குச் சொன்னேன், அதற்காக ஒரு நிமிடம்கூட வருத்தப்படவில்லை.

அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி கல்யாணம். மூத்தவராக நீங்களும் அண்ணியும் நாலு நாள் முன்னதாகவே வந்திருந்து நடத்திக் கொடுக்க வேண்டும். உங்கள் முட்டிவலி குறைய வேண்டிக்கொள்கிறேன். பெரியவர்களுக்கு என் வணக்கமும் சின்னவர்களுக்கு என் ஆசியும் சேரட்டும்.

அன்புள்ள தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. மேலே எழுதியதெல்லாம் வீண். வீட்டில் இருப்பது நீங்கள் வேலைக்குப் போகும்போது பழைய சாமான் கடையில் தேடிப் பிடித்து வைத்துவிட்டுப் போன நகல் என்றும், அசலை அப்பாவே கூப்பிட்டு உங்கள் கையில் கொடுத்தார் என்றும், கொடுக்கும்போது பெருமை தாங்காமல் அழுதார் என்றும், கல்யாணத்துக்கு அதைக் கோட்டில் குத்திக்கொண்டு வரப்போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அண்ணா, அது பெருமையில் வந்த அழுகை இல்லை. ஒரு பட்டறைக்காரரிடம் அதை ஒரு மாதம் கொடுத்து வைத்திருந்ததாகவும், அதனால் எத்தனையோ வீட்டுக்குள் போலீஸ் நுழையவில்லை என்றும் அப்பா சொன்னதை வயதான காலத்து உளறல் என்று ஒரே வரியில் தள்ளிவிட்டீர்களே, அந்த வரியை நான் நாலு தடவை படித்தேன். அசல் உங்களிடம் இருந்தால், சம்பந்தியின் அப்பா பெட்டியில் இருந்தது எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா? கோட்டில் மட்டும் குத்த வேண்டாம். உள்பையில் வைத்துக்கொண்டு வாருங்கள். கல்யாணம் முடிந்து சம்பந்தி காபியைக் குடித்துத் தம்ளரைக் கீழே வைத்தபிறகு, நான் சொல்லும்போது எடுத்தால் போதும். என் தோளுக்குப் பின்னாலிருந்து இதைப் படித்துக்கொண்டிருந்த மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்க அண்ணன் அதைத் தேய்ச்சு கீய்ச்சு எடுத்துட்டு வந்துடப் போறார், அழுக்கோட அப்படியே கொண்டு வரச் சொல்லுங்க," என்கிறாள்.