பதினோராம் ஷெட்டைப் பார்

“ஏஞ்சாமி, இந்தத் தொலைநோக்குங்கறது தண்ணியில கலக்கறதா, தீவனத்துல கலக்கறதா?”

போனில் பெருமாயி இப்படிக் கேட்டபோது சௌந்தர்யாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பதில் தெரிந்தவர்களுக்குத்தான் சிரிப்பு வரும்.

“அது மருந்தில்லீங்க அக்கா. சின்னவரு போட்டிருக்கற திட்டம்.”

“குஞ்சுங்கள ஒண்ணும் பண்ணாதே?”

“பண்ணாதுங்க.”

“அப்பச் செரி. வாரேஞ்சாமி.”

பெருமாயி எங்கேயும் வரப்போவதில்லை. மோகனூர் ரோட்டு நாலாம் நம்பர் ஷெட்டை விட்டு அவள் நாமக்கல் ஆபீசுக்கு ஒரு தடவைகூட வந்தது கிடையாது. ஆனாலும் ‘வாரேன்’ சொல்லாமல் போனை வைக்க அவளுக்கு மனசு வராது. அப்படி வைத்தால் திரும்பப் பேசுகிற எண்ணம் இல்லை என்று ஆகிவிடுமாம்.

சின்னவர் என்பது முதலாளியின் மகன் தமிழரசு. பெரியவர் மூட்டுவலியோடு வீட்டில் உட்கார்ந்த பிறகு பண்ணை இவர் கைக்கு வந்தது. பண்ணை என்றால் முட்டைப் பண்ணை இல்லை. குஞ்சு இறக்கி, பதினாறு வாரம் வளர்த்து, முட்டைப் பண்ணைகளுக்கு ஏற்றிவிடுவது. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பன்னிரண்டு ஷெட்டுகள். கோயமுத்தூரில் ஏதோ ஓட்டலில் மூன்று நாள் வகுப்புக்குப் போய்வந்த தமிழரசு, வைகாசி மாதம் ‘தொலைநோக்கு’ என்று தலைப்பிட்டு ஆபீஸ் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டினார்: ‘பத்து ஆண்டுகளில் சேதாரமே இல்லாத பண்ணை.’

“ஏம்மா, பத்து வருசத்த வருசமாப் பிரிச்சாச்சு. வருசத்த மாசமா, மாசத்த நாளாப் பிரிச்சாச்சு. இனி அந்தந்த நாள ஆரு பாக்கறது?” என்று கேட்டார்.

சௌந்தர்யா அறையைச் சுற்றிப் பார்த்தாள். வேறு யாரும் இல்லை.

“நானுங்களா?”

“நீதாம்மா.”

பத்தாவதோடு நின்றவள் அவள். ஆள் நிற்கிறது தெரியாத அளவுக்குக் கூச்சம். ‘எங்க ஊரு வளவுப் புள்ளைங்க, எழுத்து முத்து முத்தா இருக்கும்’ என்று பெரியவரிடம் சொல்லி இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே பெருமாயிதான்.

தினமும் காலை ஏழு மணிக்குப் பன்னிரண்டு ஷெட்டுக்கும் போன் போட வேண்டும். செத்தது எத்தனை, சீக்கு எத்தனை, தீவனம் எவ்வளவு சிந்தியது, அக்கம்பக்கத்தில் நாற்றம் என்று புகார் உண்டா. நான்கே கேள்வி. நான்குக்கும் இல்லை என்று வந்தால் போர்டில் பச்சை. ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் சிவப்பு. போர்டு இருக்கும்போது பைக்கில் அலைய ஆள் எதற்கு என்று, இருபது வருசமாக ஷெட் ஷெட்டாகச் சுற்றிக்கொண்டிருந்த மேஸ்திரியைத் தமிழரசு அந்த வாரமே நிறுத்திவிட்டார்.

முதல் நாள் பதினொரு சிவப்பு.

“என்னம்மா இது, கெடா வெட்டுன எடமாட்ட இருக்குது?”

“ஐயாயிரம் குஞ்சுல நாளைக்கு ரெண்டு மூணு போகத்தான் செய்யும்னு சொல்றாங்க.”

“போகும்னு நெனச்சா போகும். இந்தா, இவுரு எப்படிப் பச்சை?”

பதினோராம் நம்பர். சங்ககிரிக்கு அந்தப் பக்கம் தனியாகக் கிடக்கிற ஷெட். பார்த்துக்கொள்வது சின்னண்ணன். மற்ற ஷெட்டுகளில் குஞ்சுகளின் கத்தலில் பேச்சு பாதி காதில் விழாது. சின்னண்ணன் பேசினால் மட்டும் கோயிலுக்குள் நின்று பேசுவதுபோல் தெளிவாக இருக்கும்.

“செத்ததுங்க?”

“ஒண்ணுமில்லீங்க அம்மிணி.”

“சீக்கு?”

“ஒண்ணுமில்லீங்க.”

“தீவனம் சிந்துச்சுங்களா?”

“ஒண்ணுமில்லீங்க.”

“புகார்?”

“இங்க வந்து ஆருங்க சொல்லப் போறாங்க? ஒண்ணுமில்லீங்க.”

ஒரு வாரம் இதே பதில். தமிழரசுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. “அந்தாளு என்ன மருந்து குடுக்கறாருன்னு கேளும்மா.”

கேட்டாள். “ஒண்ணுமில்லீங்க” என்றார் சின்னண்ணன். காலையில் எழுந்து கூட்டுவாராம், ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பாராம், அவ்வளவுதானாம்.

அன்றே எல்லா ஷெட்டிலும் மருந்து நின்றது. ‘பதினோராம் ஷெட்டைப் பார்!’ என்று பன்னிரண்டு பிளெக்ஸ் அடித்து அனுப்பினார்கள். பதினோராம் ஷெட்டுக்கும் ஒன்று போனது.

அடுத்த வாரம் குஞ்சுகள் றெக்கையைத் தொங்கப்போட்டு நின்றன. இரண்டு மூன்று என்பது பத்து, பன்னிரண்டு ஆனது.

“மருந்து மட்டும் இல்ல, வேற என்னமோ இருக்குது. நல்லாக் கேளு” என்றார் தமிழரசு.

சௌந்தர்யா நல்லாக் கேட்டாள். சின்னண்ணன் வெகுநேரம் யோசித்துவிட்டு, “பொழுதுக்கும் ரேடியோ பாடுமுங்க. இல்லாட்டி ஒரே வெறிச்சுனு இருக்குதுங்க” என்றார்.

“பாட்டு! பாத்தியா?” தமிழரசு மேசையைத் தட்டினார். “குஞ்சுக்கு மனசு லேசாகுது!”

மறுநாளே ஷெட்டுக்கு ஒரு ரேடியோ. நாலாம் ஷெட்டில் பாட்டு வரைக்கும் நல்லாத்தான் போனதாம். நடுவில் ஒரு நகைக்கடை விளம்பரம் வந்து வெடிபோல் சத்தம் போட, ஐயாயிரம் குஞ்சும் ஒரே மூலைக்கு ஓடி ஒன்றின்மேல் ஒன்று ஏறின. அடியில் கிடந்தவை எழுந்திருக்கவில்லை.

“நாப்பத்திரண்டு, சாமி” என்றாள் பெருமாயி. “எந்த மகராசன் நகை விக்கறான்னு தெரியல.”

போர்டு முழுக்கச் சிவப்பாகவே இருப்பதைப் பார்த்துத் தமிழரசு கடைசி உத்தரவைப் போட்டார். பத்து நாள் விடாமல் சிவப்பு வாங்குகிற ஷெட்டில் ஆள் மாறும். ஷெட்டை ஒட்டின அறையையும் காலி செய்ய வேண்டும்.

அது நன்றாக வேலை செய்தது. மறுநாள் காலை ஒன்றாம் நம்பர் “ஒண்ணுமில்லீங்க” என்றது. மூன்றாம் நம்பரும் ஏழாம் நம்பரும் அதையே சொன்னன. சின்னண்ணன் இழுக்கிற அதே இழுப்பு. நான்கு நாளில் பதினொரு பச்சை. செத்ததைப் புதைக்கிற குழிகள் போர்டில் இல்லையே.

நாலாம் நம்பர் மட்டும் சிவப்பு. லாரியில் கால் நசுங்கின புருசனோடு பெருமாயி பன்னிரண்டு வருசமாக அந்த ஒற்றை அறையில்தான் குடியிருக்கிறாள்.

“அக்கா, நீங்களும் ஒண்ணுமில்லைன்னு சொல்லிருங்க” என்று வாயைக் கையால் மறைத்துக்கொண்டு போனில் கெஞ்சினாள் சௌந்தர்யா.

“செத்தத எப்படிச் சாமி இல்லேங்கறது? இப்பத்தான் மண்ணத் தள்ளிட்டு வாரேன். கைகூட இன்னும் கழுவல.”

“ஊடு போயிருமுங்க அக்கா.”

“நீ கேக்கற, நான் சொல்றேன். உன்ற வேலைய நீ பாரு. வாரேஞ்சாமி.”

பத்தாம் நாள் பெருமாயி “ஏழு” என்றாள். சௌந்தர்யாவின் கை பச்சைப் பேனாவைத்தான் எடுத்தது. மூடியைக்கூடத் திறந்துவிட்டாள். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமல் பச்சையை மூடி வைத்துவிட்டுச் சிவப்பை எடுத்துக் கட்டத்தை நிரப்பினாள். கட்டம் நிரம்பிய பிறகும் கொஞ்ச நேரம் தீட்டிக்கொண்டே இருந்தாள்.

“நாளைக்கு எல்லாரையும் வேன்ல ஏத்தி பதினொண்ணுக்குக் கூட்டிட்டுப் போறோம்” என்றார் தமிழரசு. “சின்னண்ணனுக்கு ஒரு சால்வை வாங்கிரு. பெருமாயியும் வரட்டும். போறதுக்கு முன்னாடி, குஞ்சு எப்படி வளக்கறதுன்னாவது பாத்துட்டுப் போகட்டும்.”

மறுநாள் வேனில் பெருமாயி கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் அறைச் சாமான்களை அன்று காலையே வேப்பமரத்தடியில் இறக்கி வைத்தாகிவிட்டது, புருசனைக் கட்டிலோடு. சௌந்தர்யா சால்வையை மடியில் வைத்துக்கொண்டு திருச்செங்கோடு தாண்டும்வரை தலை நிமிரவில்லை. பெருமாயியாகவே முன்னால் சாய்ந்து அவள் தோளைத் தொட்டாள்.

“சாப்பிட்டியா சாமி?”

சாப்பிட்டதாகத் தலையாட்டினாள் சௌந்தர்யா. சாப்பிடவில்லை.

பதினோராம் ஷெட் வாசலில் ‘பதினோராம் ஷெட்டைப் பார்!’ பிளெக்ஸ் ஒரு சுருக்கம் இல்லாமல் இழுத்துக் கட்டியிருந்தது. வெள்ளை வேட்டியில் சின்னண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

“எல்லாரும் நல்லாப் பாருங்க” என்று சொல்லிக்கொண்டே தமிழரசு கதவைத் தள்ளினார்.

எல்லாரும் நல்லாப் பார்த்தார்கள். இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை சுத்தமாகக் கூட்டின தரை. கழுவிக் கவிழ்த்து வைத்த தீவனத் தட்டுகள். காய்ந்து கிடந்த தண்ணீர்க் குழாய். ஒரு றெக்கைகூட இல்லை.

“குஞ்சுங்க எங்கய்யா?” தமிழரசின் குரல் வெறும் ஷெட்டில் இரண்டு தடவை கேட்டது.

“சித்திரையிலயே ஏத்திட்டாங்களே, சின்னவரே. புதுக்குஞ்சு வரும், அதுவரைக்கும் கூட்டிப் பெருக்கி வெச்சிருன்னு மேஸ்திரி சொல்லிட்டுப் போனாருங்க. அப்புறம் குஞ்சும் வல்லீங்க, அவரும் வல்லீங்க.”

“அத ஆபீசுல ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?”

சின்னண்ணன் சௌந்தர்யாவைத் திரும்பிப் பார்த்தார். அவளுக்காகப் பரிந்து பேசுகிறவர்போல மெதுவாகச் சொன்னார்.

“தெனமும் ஏழு மணிக்குச் சொல்லிட்டுத்தானுங்களே இருந்தேன். அம்மிணி பாவம், விடாம நாலு தடவை கேக்கும். நானும் நாலு தடவையும் சொல்லுவனுங்க, ஒண்ணுமில்லீங்கன்னு.”

பெருமாயி ஒருமுறை அந்தத் தரையைப் பார்த்தாள். பிறகு முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு, வேனைத் தாண்டி, ரோட்டைப் பார்த்து நடந்தாள். சௌந்தர்யா காத்திருந்தாள். பெருமாயி ‘வாரேன்’ என்று சொல்லவில்லை.