பதினோரு மணி மாணவன்

பஞ்சு போதவில்லை. டில்லிபாபு இரண்டு காதிலும் பஞ்சை அடைத்து, மேலே துண்டைச் சுற்றி, அதற்கும் மேலே தலையணையை அழுத்திப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தான். அப்படியும் சுவரைத் தாண்டி பியானோ வந்தது.

அவனுக்குத் தகடு அடிக்கும் கம்பெனியில் நிரந்தர நைட் ஷிப்டு. விடிய விடிய பிரஸ் மெஷின் முன்னால் நின்றுவிட்டு, சைக்கிளை மிதித்துப் படப்பைக்கு வந்து, எதையாவது தின்றுவிட்டுப் படுப்பான். கண் சொக்கும். சரியாக அப்போது பக்கத்துப் போர்ஷனில் ஆரம்பிக்கும். அவன் விழித்திருக்கும் நேரமெல்லாம் அந்த வீட்டில் ஒரு கரண்டி விழும் சத்தம்கூடக் கேட்காது.

போன வாரம் மெஷின் முன்னாலேயே தூங்கி வழிந்தான். விரல் தப்பியது அதிர்ஷ்டம். சூப்பர்வைசர் கோபிநாத் பார்த்துவிட்டார்.

"இன்னொரு தபா கண்ண மூடுன, கேட்டுக்கு வெளியதான் தொறப்ப."

அது 1991. வேலை போனால் அடுத்த வேலைக்கு மெட்ராஸ் முழுக்கச் செருப்புத் தேய வேண்டும். டில்லிபாபு தலையணையை எறிந்துவிட்டு எழுந்தான்.

பக்கத்துப் போர்ஷனுக்கு மூன்று மாதம் முன்னால் தாம்பரத்திலிருந்து குடிவந்தவர் ஷெர்லின் டீச்சர். தனி ஆள். ஒரு கட்டில், ஒரு பைபிள், ஆறு பேர் திட்டிக்கொண்டே தூக்கி இறக்கிய ஒரு பழைய பியானோ. வீட்டிலேயே கற்றுக்கொடுக்கிறார்.

"டீச்சர், நான் நைட் ஷிப்டு."

"தெரியுமே தம்பி."

"பகல்லதான் தூங்கணும்."

"அதுவும் தெரியும். எப்பலேர்ந்து எப்ப வரைக்கும் தூங்குவீங்க?"

இவ்வளவு அக்கறையாக அவனை யாரும் விசாரித்ததில்லை. "காலைல ஒம்போதுலேர்ந்து மூணு வரைக்கும், டீச்சர்."

"சரி. நான் பாத்துக்கறேன்."

மறுநாளிலிருந்து வகுப்பு ஒன்பது மணிக்குத் தொடங்கி மூன்று மணிக்கு முடிந்தது. மூன்றடித்ததும் பியானோவின் மூடியை இறக்கும் சத்தம்கூடக் கேட்டது.

டில்லிபாபு பித்தளைச் செம்பை எடுத்துச் சுவரில் நான்கு இடி இடித்தான். பியானோ ஒரு கணம் திகைத்து நின்றது. பிறகு இரண்டு மடங்கு உற்சாகத்தோடு கிளம்பியது. சாயங்காலம் டீச்சரே அவன் வாசலுக்கு வந்தார்.

"தம்பி, நீங்க தட்டுன தாளத்துலதான் மகாலட்சுமிக்கு இன்னிக்கு ஒழுங்கா வந்துச்சு. தினமும் தட்டுங்க."

"எந்த மகாலட்சுமி?"

"உங்க கம்பெனியில கோபிநாத் சார் இல்ல? அவர் வீட்டம்மா."

செம்பு அலமாரிக்குப் போனது.

யோசித்து யோசித்து டில்லிபாபு ஒரு வழி கண்டுபிடித்தான். தானே மாணவனாகச் சேர்ந்துவிடுவது. சேர்ந்துவிட்டுப் போகாமல் இருப்பது. அந்த ஒரு மணி நேரமாவது பியானோ வாயை மூடிக்கொண்டிருக்கும்.

"பதினோரு மணி எனக்குக் குடுங்க டீச்சர். பீஸ் முன்னாடியே கட்டிட்றேன். நான் வரலன்னாலும் பரவால்ல, நீங்க சும்மா உக்காந்துக்குங்க."

டீச்சர் பணத்தை வாங்கிப் பைபிளுக்குள் வைத்தார்.

மறுநாள் பதினோரு மணிக்கு அவன் கதவு உடைந்துவிடும்போல் இடிபட்டது.

"எழுந்திருங்க தம்பி! காச வாங்கிட்டு சொல்லிக்குடுக்காம இருந்தா கர்த்தருக்கு நான் என்ன பதில் சொல்றது?"

டில்லிபாபு பியானோவின் முன்னால் உட்கார்த்தப்பட்டான். தகடு தூக்கிக் காய்த்த விரல்கள். ஒரு விரலை வைத்தால் இரண்டு கட்டை அமுங்கியது.

"மெதுவா. முட்டை மேல வெக்கிற மாதிரி வைங்க."

"முட்ட ஒடஞ்சிச்சி டீச்சர்."

"பரவால்ல. இன்னொரு தடவை."

மூன்றாவது நாள் நடுவிலேயே அவன் நெற்றி கட்டைகளின்மேல் விழுந்தது. பியானோ சாகப்போகும் யானையைப்போல் ஒரு குரல் கொடுத்து அடங்கியது. விழித்துப் பார்த்தால் மணி பன்னிரண்டு. டீச்சரும், அடுத்த வகுப்புக்கு வந்திருந்த மகாலட்சுமியும் வீட்டில் இல்லை. தெருமுனையில் வெயிலில் போய் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். தன்னை எழுப்ப மனமில்லாமல் ஒதுங்கிப் போயிருக்கிறார்கள் என்று நினைத்து அவன் கண்கலங்கிவிட்டான்.

மகாலட்சுமி அன்றே தன் புருஷனிடம் சொல்லிவிட்டாள். அன்றைக்கு ஷிப்டு தொடங்கும்போது கோபிநாத் லைன் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

"யோவ் டில்லி! வூட்ல பியானோ வாசிச்சிகினு கீறயாமே?"

"சார், அது வந்து..."

"பகல்ல கச்சேரி. இங்க வந்து தூக்கம். கம்பெனி இன்னா உன் மாமியார் வூடா?"

"தூங்கறதுக்குத்தான் சார் பியானோ கத்துக்கறேன்."

லைனே சிரித்தது. கோபிநாத் மட்டும் சிரிக்கவில்லை.

"திங்கக்கிழமைக்குள்ள ஒண்ணு பியானோவ வுடு, இல்ல வேலைய வுடு."

டில்லிபாபு பியானோவை விட்டுவிடத் தயார். பியானோதான் அவனை விடத் தயாராக இல்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் வரதராஜுலுவைப் பார்க்கப் போனான். இரண்டு போர்ஷனும் அவருடையவை. கிணற்றடியில் தென்னங்கீற்று முடைந்துகொண்டிருந்த மனிதர், அவனைக் கண்டதும் எழுந்து உள்ளே போகப் பார்த்தார்.

"நாயுடு, ஒண்ணு அந்தம்மா இருக்கணும், இல்ல நான் இருக்கணும். நீயே சொல்லு."

"அப்டிலாம் பேசாதப்பா. நல்ல அம்மா."

"எனக்கு வேல பூடும் நாயுடு. கண்ணு மூடுனா ஆரம்பிக்குது. தொறந்தா நிறுத்துது. வேணும்னே பண்ற மாதிரி கீது."

வரதராஜுலு கீற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீ ரெண்டு வருஷமா ஒழுங்கா வாடக குடுக்கறவன். உன்னியும் அனுப்ப முடியாது. அந்தம்மாளும் ஒழுங்கா குடுக்குது. அவங்க போனா அந்தப் போர்ஷனுக்கு வேற யாரும் வரமாட்டாங்க."

"ஏன் வரமாட்டாங்க? படப்பைல வூடு கெடைக்காம அவனவன் அலையறான்."

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அடுத்த கீற்றை எடுத்தார். சமையலறை ஜன்னல் வழியாக அவர் மனைவி காமாட்சியம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் எத்தினி நாளிக்கி மூடி மறைப்பீங்க?" என்றாள் புருஷனிடம். பிறகு டில்லிபாபுவைப் பார்த்துச் சொன்னாள்: "பட்டப்பகல்ல நீ வுட்ற கொறட்டைக்கு ரெண்டு குடித்தனம் சொல்லாம கொள்ளாம ஓடிப்போச்சிப்பா, 'பரவால்லம்மா, என்கிட்ட பியானோ இருக்கு'ன்னு தைரியமா வந்தது அந்த டீச்சர் ஒருத்திதான்."