நான் குளுகுளுவாக்கிய ஆண்டு விழா

பிசிக்ஸ் படித்தவர்களுக்கு ஃபேன் ரிப்பேர் தெரியும் என்று இந்த உலகம் நம்புகிறது. அது உலகத்தின் தப்பு. அதை நானும் நம்பினேன் பாருங்கள், அது என் தப்பு.

தொண்ணூறுகளின் கடைசியில் கோவில்பட்டியில் ஒரு பெண்கள் பள்ளியில் பிசிக்ஸ் டீச்சராகச் சேர்ந்தேன். தற்காலிக வேலை. கல்வித் துறை அதிகாரி ஒருவர் வந்து என் கோப்பைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் நிரந்தரம். போடாவிட்டால் ஓட்டப்பிடாரத்தில் என் அத்தை நடத்திய டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போய் உட்கார வேண்டும் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. அத்தை எனக்காக ஒரு நாற்காலிக்குப் புது ஒயர்கூடப் பின்னி வைத்துவிட்டாள். (அத்தை ஒரு நாளைக்கு நூறு தடவை ‘நிமுந்து உக்காரு’ என்பாள்.)

பொங்கல் முடிந்ததும் தாளாளர் ஐயா கூப்பிட்டு அனுப்பினார். ஊரில் தீப்பெட்டி ஆபீஸ் (எங்கள் ஊரில் தொழிற்சாலையை அப்படித்தான் சொல்வோம்) வைத்திருந்தவர். எப்போதும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கஞ்சி போட்டது.

“ஏம்மா, நீ பிசிக்ஸ்தான?”

“ஆமா ஐயா.”

“அப்ப இந்தக் காத்து, சூடு எல்லாம் ஒன் பாடந்தான? பள்ளிக்கூடம் பூரா சுத்திப் பாரு. எது ஓடுது, எது ஓடல, என்ன மாத்தணும்னு ஒரு அறிக்கை எழுதிக் குடு. மார்ச்சுல ஆண்டு விழா. அதிகாரி வாராவ. போன வருசம் மாதிரி அவிய வேத்து விறுவிறுத்துப் பாதியில எந்திரிச்சுப் போயிரக் கூடாது. ஒன் ஃபைலும் அவியகிட்டதான இருக்கு?”

கடைசி வரியை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் ஒயர் நாற்காலி கண்முன்னால் வந்து நின்றது.

நோட்டும் ஸ்கேலுமாகக் கிளம்பினேன். எட்டாம் வகுப்பு பி பிரிவில் ஒரு ஃபேன் இருந்தது. சுவிட்சைப் போட்டால் சுற்றாது. பெருக்குமாற்றுக் கம்பால் ஒரு தள்ளு தள்ளினால் சுற்றும். அதற்கென்றே வகுப்பில் உயரமான ஒரு பெண்ணுக்கு ஃபேன் லீடர் என்று பதவி கொடுத்திருந்தார்கள். ஆசிரியர் அறையின் எக்ஸாஸ்ட் ஃபேனுக்குள் குருவி குடியிருந்ததால் சுவிட்சின் மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. இதையெல்லாம் பதினொரு பக்க அறிக்கையில் எழுதி, முக்கியமான இடங்களில் சிவப்பு மையால் அடிக்கோடு போட்டேன். எல்லா இடமும் முக்கியமாக இருந்தது.

ஆனால் அறிக்கையின் கதாநாயகன் விழா அரங்கத்தின் கூலர்தான். மூடிப்போன ஒரு சினிமாக் கொட்டகையிலிருந்து எப்போதோ வாங்கி வந்தது. அரங்கத்தின் பின்சுவருக்கு வெளியே ஓர் அறை அளவுக்கு இரும்புக் கூண்டு. அதன் மூன்று பக்கமும் வெட்டிவேர்த் தட்டி. அடியில் தொட்டி. ஒரு மோட்டார் தொட்டித் தண்ணீரை மேலே ஏற்றித் தட்டிகள் மேல் வடியவிடும். உள்ளே இருக்கும் பெரிய விசிறி, ஈரமான காற்றை இழுத்துத் தகரக் குழாய் வழியாக மேடைக்கும் முன்வரிசைக்கும் தள்ளும். என் காலத்தில் வெட்டிவேரெல்லாம் மக்கி உதிர்ந்து, விசிறி கரிசல் புழுதியை மட்டும் நேர்மையாகத் தள்ளிக்கொண்டிருந்தது.

நான் இரண்டு பரிந்துரைகள் செய்தேன். ஒன்று, விசிறியின் வேகத்தைக் கூட்ட வேண்டும். இரண்டு, தட்டிகளை மாற்ற வேண்டும். தாளாளர் படித்துப் பார்த்து, “நீயே செஞ்சிரு” என்று சொல்லிவிட்டார்.

லேத்துப் பட்டறையில் பெல்ட் ஓடும் பெரிய கப்பி ஒன்று செய்து விசிறியின் மோட்டாரில் மாட்டினேன். விசிறி சுற்றிய சுற்றில் வாட்ச்மேன் முத்துக்காளையின் தலைத்துண்டு பறந்து வேப்பமரத்தில் போய்த் தொங்கியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. தண்ணீர் விட்டுப் பார்க்க நினைத்தேன். எங்கள் ஊர்க் குழாயில் தண்ணீர் வருவது தெருவெல்லாம் சொல்லிக்கொள்ளும் விசேஷம். ஆகவே விழாவன்று காலை லாரித் தண்ணீர் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மதுரையில் சொல்லி வைத்திருந்த வெட்டிவேர் வரவில்லை. விழாவுக்கு ஒரு நாள்தான் இருந்தது. சும்மா இருந்திருக்கலாம். பிசிக்ஸ் விடவில்லை. தண்ணீரைப் பிடித்துக்கொள்ள வேண்டும், காற்றுப் போக இடைவெளி வேண்டும், அவ்வளவுதானே? மரச்சீவல் போதும். மரச்சீவலுக்கு எங்கள் ஊரில் பஞ்சமா? நேரே தாளாளரின் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனேன்.

“சீவலா? காலையிலதான் டீக்கடைக்காரரு அடுப்பெரிக்கப் பூராத்தையும் அள்ளிட்டுப் போனாரு டீச்சர்” என்றார் ஃபோர்மேன் அண்ணாச்சி.

அவருக்குப் பின்னால் ஆறு சாக்குகள் அடுக்கியிருந்தன. எட்டிப் பார்த்தேன். கழித்துப் போட்ட தீக்குச்சிகள். நமத்துப் போனவை, தலையோடு தலை ஒட்டிக்கொண்டவை. எல்லாம் ஒரே நீளம், ஒரே கனம். அடுக்கினால் இடைவெளி சீராக இருக்கும். சீவலைவிட இது உசத்தி என்று பட்டது.

“அது மருந்து முக்குன குச்சில்லா டீச்சர்? எங்கனயாச்சும் உரசிச்சுன்னா பள்ளிக்கூடமே போயிரும்!”

“தண்ணிக்குள்ளதான அண்ணாச்சி இருக்கப் போகுது? நனைஞ்ச குச்சி எப்படிப் பத்தும்?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “அதுஞ் சரிதான். அப்ப காயவிட்டுராதிய” என்று சாக்குகளைக் கொடுத்துவிட்டார். தாளாளரிடம் சொன்னபோது அவரும், “தண்ணி நிக்காமப் பாத்துக்கோ” என்றார். தீப்பெட்டி ஊரில் பிறந்தவர்களுக்குப் பயம் என்றால் ஒரே பயம்தான், நெருப்பு. தண்ணீர் இருந்தால் தூங்கப் போய்விடுவோம். தீக்குச்சித் தலையில் மருந்து தவிர சாயமும் பசையும் இருக்கின்றன, தண்ணீர் பட்டால் அவை என்ன ஆகும் என்று மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. (கெமிஸ்ட்ரி டீச்சர் அன்றைக்கு லீவு.)

விழாவன்று காலையில் குச்சிகளை வெங்காயச் சாக்குகளில் அடைத்து, நனைத்து, தட்டிகளில் கட்டினோம். அதற்குள் விருந்தினர் வந்துவிட்டதாகச் சத்தம் கேட்டது. மோட்டாரைப் போட முத்துக்காளையிடம் சொல்லிவிட்டு, புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டு அரங்கத்துக்கு ஓடினேன்.

மேடையில் அதிகாரி வெள்ளை சஃபாரியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தாளாளர். முன்வரிசையில் வெள்ளைச் சீருடையில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள். என் கோப்பு மேடையிலேயே மேசை மேல் இருந்தது. விழா முடிந்ததும் கையெழுத்து என்று தாளாளர் ஏற்கெனவே பேசி வைத்திருந்தார்.

காற்று வந்தது. என்ன காற்று! அரங்கமே “ஆ...” என்றது. அதிகாரி கண்ணை மூடிக்கொண்டார். தாளாளர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அந்த நிமிடம் நான் ஒயர் நாற்காலியை மனதுக்குள் எட்டி உதைத்தேன்.

சற்று நேரத்தில் அதிகாரி மூக்கை உறிஞ்சினார். “என்ன சார், ஒரு மாதிரி வாடை?”

தாளாளரும் உறிஞ்சிப் பார்த்தார். “ஒண்ணும் வரலையே. நம்ம ஊரு காத்துதான்” என்றார். பசை காய்ச்சும் வாடையிலேயே வளர்ந்த மூக்கு அது. என் மூக்கும் அதே ரகம்.

அதிகாரி பேச எழுந்தார். “கல்வி என்பது ஒருவர் மேல் படியும் வண்ணம்...” என்று ஆரம்பித்து, முகத்தில் ஈரம் பட்டதால் கைக்குட்டையால் துடைத்தார். கைக்குட்டை ரோஸ் ஆகிவிட்டது. அதைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார். மூக்கைத் தொட்டுப் பார்த்தார். மறுபடி துடைத்தார். இன்னும் ரோஸ். ரத்தம் என்று நினைத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“டீச்சர்! தாளாளர் சட்டை பூரா புள்ளி புள்ளியா இருக்கு!” என்று முன்வரிசைப் பெண் ஒருத்தி கத்தினாள். கத்தியவள் மூக்கும் ரோஸாகத்தான் இருந்தது. வேகத்தைக் கூட்டியிருந்தேன் அல்லவா? விசிறி காற்றோடு தண்ணீரையும் பொடிப் பொடியாகப் பிய்த்து எல்லார் மேலும் பொழிந்துகொண்டிருந்தது.

பின்பக்கம் ஓடினேன். தொட்டி நிறைய ரோஸ்மில்க்.

“முத்துக்காளண்ணே! இதப் பாத்துட்டுமா சும்மா இருந்தீங்க?”

“விழாவுக்குன்னு கலர் போட்டிருக்கியன்னு நெனச்சேன் டீச்சர். நல்லாத்தான இருக்கு?”

நான் மெயின் சுவிட்சை அணைத்தபோது உள்ளே தாளாளர் தன் சட்டையைத் தொட்டு விரலை முகர்ந்திருக்கிறார். அவ்வளவுதான், ஒலிபெருக்கியில் அவர் குரல் தெருமுனை வரை கேட்டது. “இது நம்ம சரக்குல்லா! யாரும் பீடி, சிகரெட்டுப் பத்த வச்சிராதிய! சட்டை காயறதுக்குள்ள எல்லாரும் அலசுங்க! ஏ பிள்ளேளா, ஒருத்தரும் ஒருத்தர உரசாம வரிசையா வெளிய வாங்க!”

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அவ்வளவு ஒழுங்காக வரிசையில் போனதை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. லாரித் தண்ணீர் முழுக்க ரோஸைக் கழுவவே தீர்ந்தது. கழுவியும் முழுதாகப் போகவில்லை.

அரை மணி நேரம் கழித்துத் தலைமையாசிரியை அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். அதிகாரி முத்துக்காளையின் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வழுக்கையில் இன்னும் ரோஸ் திட்டுகள். முன்னால் என் கோப்பு. எனக்கு அழுகையும் வந்தது, வெட்கமும் வந்தது. அத்தையின் ‘நிமுந்து உக்காரு’ காதுக்குள்ளேயே கேட்டது.

“இதையெல்லாம் செஞ்சது யாரு?”

தாளாளர் கூரையைப் பார்த்தார். நான், “நான்தான் சார்” என்றேன்.

“என்ன பாடம் நடத்துறீங்க?”

“பிசிக்ஸ் சார்.”

அவர் ஈர வழுக்கையைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்தார். “இன்னிக்குக் கையெழுத்துப் போடலைன்னா இந்தக் கோப்புக்காக நான் இன்னொரு தடவை இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வரணும்” என்றார். “அதுக்கு எனக்குத் தெம்பில்ல.”

போட்டுவிட்டார். தாளாளர் கோப்பை என் கையில் கொடுத்து, “இனி ஃபேன் சுவிட்சக்கூட நீ தொடாதம்மா” என்றார்.

என்னை நிரந்தரமாக்கிய உத்தரவு இன்றும் என் பணிப்பதிவேட்டில் இருக்கிறது. பச்சை மைக் கையெழுத்து, அதன் பக்கத்திலேயே தாளைப் பிடித்த அதிகாரியின் கட்டைவிரல் ரேகை, தெள்ளத் தெளிவாக, ரோஸ் நிறத்தில். எந்த அலுவலகத்தில் எடுத்து நீட்டினாலும் “இது என்ன கறை மேடம்?” என்று கேட்காத குமாஸ்தா இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் கூட வந்திருக்கும் என் வீட்டுக்காரர் முந்திக்கொள்வார்.

“கறை இல்ல சார். எம்.ஏ. படிச்ச அதிகாரியவே கைநாட்டு வைக்க வச்சுத்தான் இவ வேலை வாங்குனா.”