சட்டைக் கையை மடிக்கும் தெரு

என் அக்காள் பெற்ற ஒரே வீரனும், சைக்கிளைத் தவிர வேறெதையும் ஓட்டியறியாமலே இருசக்கர சாம்ராஜ்யத்தின் பட்டத்து இளவரசனாகத் தன்னைத் தானே அறிவித்துக்கொண்டவனுமாகிய அன்பு மருமகனுக்கு, மாமன் கட்டிலில் சாய்ந்தபடி எழுதிக்கொண்டது. இங்கே என் வலது கால் ஒன்றைத் தவிர மற்ற எல்லோரும் சௌக்கியம். அங்கே உன் இரண்டு காலும் சௌக்கியமா, இனிமேலும் அப்படியே இருக்க அவற்றுக்கு விருப்பமா என்று அறிய ஆவல்.

இப்போது நான் சொல்லப்போவதை ஒருத்தரும் நம்பப்போவதில்லை. நீ நம்பமாட்டாய். உன் அம்மா நம்பமாட்டாள்; அவள் நான் பள்ளிக்கூடம் போனதையே இன்னும் நம்பவில்லை. தபால்காரர் பிரித்துப் படித்தால் அவரும் நம்பாமல் மறுபடி ஒட்டிவிடுவார். இருந்தாலும் மாவுக்கட்டுப் போட்ட என் காலின் மேல் ஆணையாகச் சொல்கிறேன், இது நடந்தது. "கால்தான் உடைஞ்சு போச்சே மாமா, அந்தப் பழைய வண்டியை எனக்குக் குடுத்துடுங்க, நான் பழகிக்கிறேன்" என்று போனில் கேட்டாயே, அதற்குப் பதில் இது. கொடுக்கமாட்டேன். காரணத்தைப் போனில் சொன்னால் நடுவில் சிரிப்பாய் என்றுதான் எழுதுகிறேன்.

உத்தியோகம் பார்த்த காலமெல்லாம் உன் மாமன் லிஃப்ட் பரிசோதகன். இந்த நகரத்தில் உள்ள எல்லா மாடிக் கட்டடங்களிலும் மேலே போய்க் கீழே வந்தவன். ஆயுள் முழுக்கச் செங்குத்தாகவே போன மனுஷன், ஓய்வு பெற்ற பிறகாவது கொஞ்சம் நீளவாட்டில் போய்ப் பார்க்கலாம் என்று ஆசைப்பட்டது ஒரு தப்பா? புது வண்டி வாங்குங்கள் என்றுதான் உன் அத்தை சொன்னாள். ஆனால் மீசை நரைத்தவன் புது வண்டியில் ஏறினால் கிழவனாகத் தெரிவான். அவனைவிட வயதான வண்டியில் ஏறினால் வாலிபனாகத் தெரிவான். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு. பழைய வண்டி வாங்குகிறவன் எதையெல்லாம் பார்க்கவேண்டும் என்று நீ எனக்குப் பாடம் எடுத்தாய். என்ஜினைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்குள் ஓட்டிவைத்து ஏமாற்றுகிறான் என்று அர்த்தம். ஆயில் ஒழுகுகிறதா பாருங்கள். நம்பரும் காகிதமும் ஒத்துப்போகிறதா பாருங்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுப் போனவன், டேங்க்கின் பளபளப்பில் என் மீசையைப் பார்த்தேன். அவ்வளவுதான், வியாபாரம் முடிந்தது.

விற்றவர் கண்ணாடி வெட்டிக் கொடுக்கும் கடைக்காரர். கடைக்குப் பின்னால், சுவரோரமாகச் சாய்த்து வைத்த ஆளுயரக் கண்ணாடிகளுக்கு நடுவில் வண்டி நின்றது. எந்தப் பக்கம் திரும்பினாலும் வண்டி. ராஜசபைக்குள் நுழைந்த மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். எல்லாக் கண்ணாடியிலும் நான் தெரிந்தேன், ஓரத்தில் இருந்த ஒன்றைத் தவிர. அதில் வண்டி இருந்தது, சீட் காலியாக இருந்தது. "அது ரசம் போன கண்ணாடி சார்" என்றார் அவர். ரசம் போன கண்ணாடியில் வண்டி மட்டும் எப்படித் தெரிகிறது என்று கேட்க எனக்கு அப்போது வாய் வரவில்லை. உன் பேச்சுக்கு மரியாதை கொடுத்து என்ஜினைத் தொட்டேன். கிணற்றுக்குள் கையை விட்ட மாதிரி ஜில்லென்று இருந்தது. "என்ன சார், ஜுரம் பாக்கறீங்களா?" என்றார். சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தகரப்பெட்டி பொருத்தியிருந்தது. திறந்தேன். உள்ளே ஒன்றுமில்லை, ஆஸ்பத்திரி ஸ்பிரிட் வாசனை மட்டும், நேற்றுத்தான் ஊற்றியது போல. கிளம்பும்போது அவர் கிட்டே வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார். "இது எங்கயாவது தானா நின்னுட்டா உடனே உதைக்காதீங்க சார். கொஞ்சம் பொறுங்க. வேலை முடிஞ்சதும் கிளம்பும்." ஏதோ மூச்சு வாங்கும் வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

நான் ஓட்டப் பழகிய வைபவத்தைப் பாட ஒரு புலவர் கூட்டம் போதாது. கிளட்சை விட்டதும் வண்டி குதிரை மாதிரி ஒரு குதி குதிக்கும், பிறகு துக்க வீட்டு அமைதி. எனக்குப் பின்னால் நின்ற வாகன வரிசை நகர எல்லையைத் தாண்டி, கடற்கரைக்குப் போய், அங்கே இடமில்லாமல் இரண்டு லாரிகள் தண்ணீரில் இறங்கி நின்றதாகக் கேள்வி. இப்படி நின்று நின்று போய்க்கொண்டிருந்தவன், சலவைக்கடைக்குப் பின்னால் இருக்கும் சந்தில், கடைசி வீட்டு வாசலில் நின்றேன். கதவு திறந்தது. முழுக்கைச் சட்டை போட்ட ஒரு பெரியவர் வெளியே வந்தார். என்னைப் பார்க்கவில்லை. மணிக்கட்டுப் பட்டனைக் கழற்றி, சட்டைக் கையை மடிப்பு மடிப்பாகத் தோள்வரை ஏற்றினார். கையை என் பக்கம் நீட்டினார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "என்னங்க வேணும்?" என்றேன். "சீக்கிரம் போடுங்க, அடுப்புல பால் இருக்கு" என்றார். எதைப் போடுவது? நான் விழித்துக்கொண்டு நிற்கையில் அவர் பல்லைக் கடித்து மூச்சை இழுத்துப் பிடித்தார். அப்போதுதான் புரிந்தது, அது ஊசிக்கு நீட்டிய கை. ஓடியிருக்கலாம். ஆனால் வண்டி ஓடவில்லையே. காலமெல்லாம் லிஃப்ட் பொத்தானை அழுத்திப் பழகிய என் விரல், என்னைக் கேட்காமலே போய் அந்தக் கையில் சுருக்கென்று ஒரு கிள்ளு கிள்ளியது. கை ஜில்லென்று இருந்தது, அந்த என்ஜின் மாதிரி. "இன்னிக்குக் கை லேசா இருக்கே" என்று சுவரிடம் சொல்லிவிட்டு, சட்டைக் கையை இறக்கிக்கொண்டு உள்ளே போனார். கிக்கரில் காலை வைத்தேன். மிதிக்கும் முன்பே என்ஜின் பிடித்துக்கொண்டது.

புதிதாக ஓட்டுகிறவனுக்கு இதுதான் ஆபத்து, மாப்ளே. வண்டியோட குணம் எது, தன்னோட தப்பு எதுன்னு அவனுக்குத் தெரியாது. ஒவ்வொரு வாசலில் நின்றபோதும் நான் என் கிளட்சைத்தான் திட்டிக்கொண்டேன். துணி தைக்கிற அம்மாள் ஒருத்தி, ஊசியும் நூலும் வாயில் கவ்வியபடியே கையை நீட்டிவிட்டு நின்றாள். சிக்னலில் நிறுத்தின போலீஸ்காரர், அபராதம் போட வந்தவர், பாதியில் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். எதிரே துணிக்கடைக் கண்ணாடிக்குள் நின்ற பொம்மைக்கும் ஒரு சட்டைக் கை மடித்திருந்தது, சத்தியமாக. பஸ் ஸ்டாப்பில் நின்ற ஜனமெல்லாம் ஒரே நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. கிள்ளிக் கிள்ளி என் கட்டை விரல் வீங்கி, உன் அத்தை அதற்கு ஒத்தடம் கொடுத்தாள். எந்தக் கை சூடாக இருந்தது, எந்தக் கை ஜில்லென்று இருந்தது என்று நான் கவனிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். கவனிக்காமலே இருந்திருக்கலாம்.

ஒரு நாள் பட்டப்பகலில், பாதி இடித்துப்போட்ட கட்டடத்தின் முன்னால் வண்டி நின்றது. உத்தியோக காலத்தில் நான் லிஃப்ட் சோதித்த கட்டடம்தான் அது. இப்போது முன்சுவர் இல்லை, தளங்கள் இல்லை. மாடிப்படி மட்டும் வளைந்து வளைந்து ஏறி, ஆகாயத்தில் போய் முடிந்திருந்தது. மேலே இருந்து செருப்புச் சத்தம் கேட்டது. அவசரமில்லாமல், படிப்படியாக, வீட்டைப் பூட்டிவிட்டு இறங்கும் சத்தம். ஒரு பெண்பிள்ளை வந்தாள். வரும்போதே முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் வந்தாள். கையை நீட்டினாள். கிள்ளினேன். கிள்ளிய இடத்தில் பிடிபட ஒன்றும் இல்லை, ஈரத் துணியைப் பிடித்த மாதிரி இருந்தது. "எதிர்வீட்டுக்காரருக்கும் போட்டுட்டுப் போங்க, கதவத் தட்டினா அவருக்குக் கேக்காது" என்று சொல்லிவிட்டுப் படியேறினாள். திரும்பிப் பார்த்தேன். எதிரே காலி மனை. புல்லும் செங்கல் துண்டும். அதன் நடுவிலிருந்து யாரோ இருமினார்கள். அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது: ஊசிக்குக் கை நீட்டுகிறவர்கள் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். இத்தனை பேரில், கை நீட்டிய பிறகு ஒருத்தர் முகத்தையும் நான் நேரே பார்த்ததில்லை. வந்திருப்பது யார் என்று அவர்களும் பார்த்ததில்லை.

நேரே கண்ணாடிக்கடைக்குப் போனேன். அவர் கண்ணாடியின் மேல் கோடு இழுத்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. வண்டி அவருடைய சித்தப்பாவுடையதாம். சித்தப்பா கம்பவுண்டராம். தெருத்தெருவாகப் போய் வீட்டு வாசலிலேயே ஊசி போடுவாராம். வண்டிச் சத்தம் கேட்டதுமே ஜனங்கள் கையை மடித்துக்கொண்டு வந்து நிற்பார்களாம். அவர் எங்கே என்று கேட்டேன். "அவர் போய்ச் சேர்ந்துட்டார் சார்."

"அப்போ இவங்கெல்லாம்?"

"அவங்களும் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துட்டாங்க."

"எந்தப் பாதி?"

"அத நான் எப்படி சார் சொல்றது, தொட்டுப் பாத்தது நீங்கதானே" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "எனக்கே சத்தம் கேட்டா கை தானா மடிக்குது சார், அதான் வித்துட்டேன்" என்றார். சொல்லும்போதே அவர் ஒரு கை, மற்றக் கையின் பட்டனைக் கழற்றிக்கொண்டிருந்தது. நான் வெளியே வந்துவிட்டேன்.

அன்றைக்கே அதை எங்கேயாவது தள்ளிவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். ஆனால் அதன் மேல் உட்கார்ந்து பழகியவனுக்குத்தான் தெரியும், அந்தச் சீட்டில் ஏறினால் நகரமே நமக்கு வழிவிடுவது போல ஒரு மிதப்பு. அதனால் ஓட்டிக்கொண்டே வந்தேன். ஒரு இடத்திலும் நிற்கவில்லை. தெருமுனை திரும்பினேன். என் சொந்த வீட்டு வாசலில் வந்து நின்றது. நான் பிரேக்கைத் தொடவில்லை மாப்ளே, கிளட்சைத் தொடவில்லை. உள்ளே இருந்து உன் அத்தை வந்தாள். கையை நீட்டிக்கொண்டு வந்தாள். முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பியிருந்தாள்.

எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு முழம் இடம். தொட்டால் தெரிந்துவிடும், சூடா இல்லையா என்று. இத்தனை வருஷம் கூடவே இருந்தவள் கையைத் தொட எனக்குத் தைரியம் இல்லை. உதைக்காதீர்கள் என்று கடைக்காரர் சொன்னது நினைவிருந்தும், இங்கிருந்து போனால் போதும் என்று முழுபலத்தோடு கிக்கரை உதைத்தேன். கிக்கர் திருப்பி அடித்தது. நான் வண்டியைவிட்டு எழும்பி, எதிர்வீட்டு மொட்டை மாடியில் காயும் துணிகளை நலம் விசாரித்துவிட்டுத் தரையில் வந்து விழுந்தேன். கால் போன திசையும் நான் போன திசையும் வேறு வேறு. உன் அத்தை ஓடிவந்து கையைப் பிடித்துத் தூக்கினாள். கை சூடாக இருந்தது. நான் அழுததைப் பார்த்துக் கால் வலி என்று நினைத்தாள். கொசு கடித்துத் தடித்த இடத்தைக் காட்டத்தான் வந்தாளாம், உள்ளே பால் பொங்குகிறதா என்றுதான் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாளாம். இருக்கட்டும். அந்தச் சூட்டை ஒருதரம் தொட்டு அறிந்துகொண்டேன், மறுதரம் சோதிக்கமாட்டேன். வண்டியைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டாயிற்று. அதை மட்டுமல்ல, அதன் சாயல் உள்ள எதையும் நீ வாங்கக்கூடாது. பஸ்ஸில் போ. பஸ் யார் வாசலிலும் காரணமில்லாமல் நிற்பதில்லை.

உன் இரண்டு காலுக்கும், அவற்றின் பத்து விரலுக்கும், உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவளின் பொறுமைக்கும் மாமனின் ஆசிகள் போதுமான அளவு உண்டு. உன் அம்மாவுக்கு என் வணக்கம். அவள் திருப்பித் தரப்போகும் திட்டை இங்கேயே பெற்றுக்கொண்டதாகச் சொல்.

இப்படிக்கு,
ஒன்றரைக் காலில் நிற்கும் உன் மாமன்

பின்குறிப்பு: ஒட்டுவதற்குள் உன் அத்தை இதைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். "வண்டியக் குடுக்க மனசில்லேன்னா மனசில்லேன்னு எழுதறதுக்கென்ன, என்னை ஏன் செத்தவங்களோட சேக்கறீங்க?" என்று கேட்டுவிட்டு, இரண்டு வேளையாகப் பேசவில்லை. ஆகவே உண்மை: வண்டியை இரும்புக்காரர் பார்த்ததே இல்லை. மாடிப்படிக்குக் கீழே, பழைய போர்வைக்குள் இருக்கிறது. கண்ணாடி, போலீஸ்காரர், பொம்மை, ஆகாயப் படி, காலி மனை இருமல், எல்லாம் நான் கட்டியது. கண்ணாடிக்கடைக்காரர் அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வண்டி நின்ற இடமெல்லாம் என் கிளட்ச் செய்த வேலை. ஒழுகிய ஆயிலில் செருப்பு வழுக்கிக் கால் முறிந்தது. நீ கேட்டதும் வண்டி கையைவிட்டுப் போய்விடுமே என்ற பயத்தில் எழுதிவிட்டேன்.

ஒரே ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம். சலவைக்கடைச் சந்தின் கடைசி வீட்டுப் பெரியவர். இதே மாதிரி சத்தம் போடும் வண்டியில் முன்பு ஒரு கம்பவுண்டர் அவருக்கு ஊசி போட வருவாராம், அவருடைய மகள் சொன்னாள். நேற்று உன் அத்தை சலவைக்கடைக்குப் போனபோது பார்த்திருக்கிறாள். நான் படுத்ததிலிருந்து அவர் தினம் காலையில் கையை மடித்துக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறாராம். ஊசி போட்டால்தான் பால் குடிப்பேன் என்கிறாராம். மகள் கிள்ளிப் பார்த்தாளாம், வண்டிச் சத்தம் கேட்கவில்லையே என்று கையை இழுத்துக்கொண்டாராம். கால் சேர்ந்தாலும் இனி கிக்கரை உதைக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வண்டியை நீயே எடுத்துக்கொள். சீக்கிரம் வா. அந்த வாசலில் கிளட்சை விட்டுவிடு, தானாக நிற்கும். பேசாதே. அவர் கை ஏன் அவ்வளவு ஜில்லென்று இருக்கிறது என்று நான் அந்த மகளிடம் கேட்டதில்லை, நீயும் கேட்காதே. வரும்போது நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு வா.