மாப்பிள்ளையைத் தலைமுடியைப் பிடித்து இழுத்ததற்காக ஒரு மன்னிப்பு

கீழப்பழுவூர் வழி,
அரியலூர் மாவட்டம்.
சித்திரை 17, புதன்கிழமை, காலை 8.30.

மதிப்பிற்குரிய சம்பந்தி சாமிதுரை அவர்களுக்கு, காசிநாதன் இரு கை கூப்பி எழுதுவது.

சம்பந்தி என்று அழைக்கும் உரிமை எனக்கு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து நாற்பது வரை நிச்சயமாக இருந்தது. அதற்குப் பிறகு நிலவரம் தெரியவில்லை. நீங்களாக வேறு சொல் சொல்லும்வரை பழைய சொல்லையே வைத்துக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இங்கு அனைவரும் நலம் என்று அடுத்த வரி எழுத வேண்டும். ஆனால் முப்பத்தொரு வருடம் தாலுகா ஆபீசில் தினமும் காலை எட்டரை மணிக்கு மழைமானியைப் பார்த்து, இருந்தால் இருந்தது, இல்லையென்றால் இல்லை என்று எழுதிய கை இது. ஆகவே அதே முறையில் தெரிவிக்கிறேன். நேற்று மழை இல்லை. வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டியது. காற்றில் சுண்ணாம்புத் தூசி வழக்கம்போல. என் மனைவி மணிமொழி மூன்று நாளாகச் சரியாகச் சமைக்கவில்லை. மகள் சத்யப்பிரியா பேசவில்லை. நான் இருக்கிறேன். அங்கே மாப்பிள்ளை ரஞ்சித்குமார் மூச்சு விடுவதில் சிரமம் ஏதும் இல்லாமல் இருக்கிறாரா என்று அறிய மிகவும் ஆவல்.

தரகர் நேற்று வந்து, உங்கள் தங்கை அம்மாக்கண்ணு அவர்கள் சொல்லியனுப்பிய மூன்று குறைகளையும் வாசலில் நின்றபடியே ஒப்பித்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். ஒன்று, பெண் மாப்பிள்ளையைத் தலைமுடியைப் பிடித்து இழுத்தாள். இரண்டு, பூ வைக்கிற நாளில் சேலை கட்டாமல் சுடிதாரோடு, ஊரார் முன்னால் சொட்டச் சொட்ட நனைந்து நின்றாள். மூன்று, மாப்பிள்ளையை முதுகில் ஐந்து அடி அடித்தாள். "மாப்ளைய பொண்ணு இழுத்துக்கிட்டு வந்து கரையில போட்டத வாட்ஸப்புல பெரம்பலூரே பாத்துட்டுதுங்க. நாளைக்கி எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு பத்திரிக்கை குடுக்குறது?" என்று அவர்கள் கேட்டதாகவும் சொன்னார். நியாயமான கேள்வி. இந்த மூன்றுக்கும் பெண்ணைப் பெற்றவன் என்ற முறையில் மனமார மன்னிப்புக் கேட்கவே இக்கடிதம். ஒரு சிறு திருத்தம் மட்டும். அடி ஐந்து அல்ல, ஏழு. நான் எண்ணினேன். பழக்கதோஷம்.

நடந்தது என்னவென்று நீங்களும் பார்த்தீர்கள், ஆனால் நீங்கள் தட்டுக்குப் பின்னால் இருந்தீர்கள், அதனால் நான் பார்த்தபடி சொல்கிறேன். உங்கள் வேன் மாரியம்மன் கோயில் முன்னால் நின்றது. அங்கிருந்து பதினொரு வரிசைத் தட்டுகளோடு எங்கள் வீட்டுக்கு நடந்து வருவது என்று ஏற்பாடு. நேர் வழி ஒன்று முன்பு இருந்தது, அதைச் சுண்ணாம்புக்கல்லுக்காக வெட்டி எடுத்துக்கொண்டு போய் இருபது வருடம் ஆகிறது. வெட்டி முடித்தவர்கள் பள்ளத்தை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள், மழை வந்து நிரப்பியது. ஆழம் எண்பது அடி. தண்ணீர் நீலமும் பச்சையுமாகப் பார்க்க அழகாக இருக்கும், அதுதான் அதனுடைய கெட்ட குணம். இப்போது இருக்கிற பாதை அதன் ஓரமாகத்தான் எங்கள் வீட்டு வாசல் வரை போகிறது. வேனிலிருந்து இறங்கியதுமே உங்கள் வீட்டம்மா இரண்டு முறை தும்மினார்கள், நான் அதைச் சகுனமாக எடுத்துக்கொள்ளவில்லை, எங்கள் ஊரில் தும்மலைச் சகுனமாக எடுத்துக்கொண்டால் யாருக்கும் எதுவும் நடக்காது. நாள்தோறும் பாதையில் தண்ணீர் தெளிக்கும் டேங்கர் ஞாயிற்றுக்கிழமை வராது. கல் லாரி மட்டும் வரும். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு லாரி போனது. அரை நிமிடம் வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது, பக்கத்தில் நிற்பவர் முகம் தெரியவில்லை. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டோம். புதுச் சட்டை போட்டிருந்த மாப்பிள்ளை, சட்டையைக் காப்பாற்றிக்கொள்ள எங்கள் வரவேற்பு பேனருக்குப் பின்னால் ஒதுங்கினார். பேனருக்குப் பின்னால் நிலம் இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

தூசி அடங்கியபோது மாப்பிள்ளை இல்லை. தண்ணீரில் ஒரு கை மட்டும் இருந்தது. பிறகு நடந்ததை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். கரையில் இரண்டு தரப்பிலும் சேர்த்து நாற்பத்திரண்டு பேர் நின்றோம். நீந்தத் தெரிந்தவர் பூஜ்யம். உங்கள் பக்கத்து ஆட்கள் பதினொரு பேர் கையில் தட்டு. பெண் வீட்டுக்குள் போகும்வரை வரிசைத் தட்டைத் தரையில் வைக்கக் கூடாது. அது எங்களுக்கும் தெரியும். "யாராச்சும் எறங்குங்கய்யா!" என்று ஒருவர் கத்த, "மொதல்ல தட்ட யாராச்சும் வாங்குங்க!" என்று இன்னொருவர் கத்த, எங்கள் ஆட்கள் ஓடிவந்து வாங்கிக்கொண்டார்கள், இப்போது அவர்கள் கையில் தட்டு. நீங்கள் உங்கள் தட்டை யாரிடமும் கொடுக்கவில்லை. மல்லிகைப் பூவும் தேங்காயும் இருந்த தட்டு. மார்போடு அணைத்துக்கொண்டு, "டேய் ரஞ்சித்து, டேய் ரஞ்சித்து" என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை, சம்பந்தி. என் கையில் பன்னீர்ச் செம்பு இருந்தது. நான் அதைப் பள்ளத்தைப் பார்த்து ஆட்டிக்கொண்டே நின்றிருக்கிறேன். வீடியோவில் தெளிவாகத் தெரிகிறது. பந்தல்காரர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துத் தண்ணீரில் வீசினார், அது மாப்பிள்ளைக்குப் பத்தடி தள்ளி விழுந்து தன் பாட்டுக்கு மூழ்கியது.

அப்போதுதான் சத்யப்பிரியா வந்தாள். கூப்பிடும்வரை பெண் வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும். அவள் மொட்டை மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது தவறு, ஒப்புக்கொள்கிறேன். வாசலில் கிடந்த இருபது லிட்டர் குடிதண்ணீர்க் கேன், காலி கேன், அதை மூடியோடு அணைத்துக்கொண்டு ஓடிவந்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அப்படியே குதித்தாள். மாப்பிள்ளைக்கு எதிரே போகவில்லை. பின்னால் சுற்றிப் போனாள். மூழ்குகிறவன் கண்ணில் பட்டால் கழுத்தைக் கட்டிக்கொள்வான், இரண்டு பேரும் போவார்கள் என்று பிறகு சொன்னாள். முன்னால் கேனைத் தள்ளிவிட்டு, பின்னாலிருந்து எது கைக்குக் கிடைத்ததோ அதைப் பிடித்தாள். கிடைத்தது முடி. அப்படியே லாரி இறங்கிய பழைய சரிவுப் பக்கம் இழுத்துவந்து கரையேற்றினாள். அவர் முடியைக் கொஞ்சம் ஒட்ட வெட்டியிருந்தால் இந்த முதல் குறையே வந்திருக்காது, அதோடு இன்னொன்றும் நடந்திருக்கும். சுடிதார் விஷயம்: வெயிலுக்குப் பயந்து, நீங்கள் வீட்டுக்குள் வந்த பிறகு பட்டுச்சேலை கட்டிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள். ஆறு கெஜப் பட்டோடு குதித்திருந்தால் உங்கள் தங்கை மனம் குளிர்ந்திருக்கும், எங்கள் வீட்டிலும் உங்கள் வீட்டிலும் ஒரே நாளில் காரியம் நடந்திருக்கும். கரையில் ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகில் தட்டினாள். ஏழாவது அடியில் தண்ணீர் வெளியே வந்து, அவர், "அம்மா" என்றார். அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் கையிலிருந்த பன்னீர்ச் செம்பைக் கீழே வைத்தேன். நீங்கள் எல்லோரும் மாப்பிள்ளையை வேனில் ஏற்றிக்கொண்டு, கை நனைக்காமல் போய்விட்டீர்கள். அறுபது பேருக்குச் சமைத்த சாப்பாடு. வடை மட்டும் நூற்றைம்பது.

பெண்பிள்ளைக்கு நீச்சல் எதற்கு என்றும் உங்கள் தங்கை கேட்டார்களாம். அதற்கும் விளக்கம் கொடுத்துவிடுகிறேன். எனக்கு ஒரு பையன் இருந்ததைத் தரகர் சொல்லியிருப்பார், எப்படிப் போனான் என்று சொல்லியிருக்க மாட்டார். சுரேஷ்குமார், சத்யப்பிரியாவின் தம்பி, பிளஸ் டூ பரீட்சை முடிந்த மறுநாள், இதே பள்ளம், இதே மாதிரி வெயில், குளிக்கப் போனான். அன்றைக்கும் கரையில் ஆட்கள் இருந்தார்கள். ஏழு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு எங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைகளைத் தண்ணீர்ப் பக்கமே போகாதே என்று அடித்து வளர்த்தோம். சொன்ன பேச்சைக் கேட்டன, ஒன்றும் போகவில்லை. அதனால் ஒன்றுக்கும் நீந்தத் தெரியவில்லை. நாங்கள் செய்த ஏற்பாடு அது. இவள் ஒருத்திதான் என் பேச்சைக் கேட்காமல், ஜெயங்கொண்டம் பக்கம் அவள் மாமன் கிணற்றுக்குப் போய், முதுகில் எண்ணெய் கேனைக் கட்டிக்கொண்டு இறங்கினாள். "நீங்க வேணா வூட்டுக்குப் போங்கப்பா, நான் கத்துக்காம வரமாட்டேன்" என்றாள். நான் போகவில்லை. அவள் இடுப்பில் கட்டிய கயிற்றின் இன்னொரு நுனியை என் கையில் சுற்றிக்கொண்டு, பதினாறு ஞாயிற்றுக்கிழமை கிணற்று மேட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். அடங்காத பெண் என்று நீங்கள் நினைத்தால், ஆமாம், அந்த விஷயத்தில் அடங்கவில்லை. வளர்ப்பு சரியில்லாததற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. அதை நீங்கள் குறையாகச் சொல்லவில்லை, உங்களுக்குத் தெரியாது. அந்த பேனர் கட்டியிருந்த இரண்டு இரும்புக் கம்பம், பேனருக்காக நட்டது அல்ல. பையன் போன பிறகு நானே என் கையால், 'ஆழமான பள்ளம், அருகில் வராதீர்' என்று எழுதி நட்ட எச்சரிக்கைப் பலகையின் கால்கள் அவை. சனிக்கிழமை சாயங்காலம் பந்தல்காரர் வந்து, "அண்ணே, ரெண்டு கம்பம் ரெடியா நிக்கிது. இதுலயே கட்டிடவா? குழி தோண்டுற வேல மிச்சம்ங்க" என்றார். கல்யாண வீட்டார் கண்ணில் அந்தப் பலகை படாமல் இருந்தால் நல்லது என்று எனக்கும் தோன்றியது. "கட்டுப்பா" என்றேன். பலகைக்கு மேலே, உங்கள் மகன் படமும் என் மகள் படமும் போட்டு, 'வருக வருக' என்று கட்டினோம். மூன்று நாளாக எனக்குத் தூக்கம் இல்லை. இதற்கும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆகவே, நடந்த எல்லாவற்றையும் மனதில் வைத்துக்கொள்ளாமல், வைகாசியில் குறித்த தேதியை மாற்றாமல், எங்களை ஏற்றுக்கொள்ளும்படி மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். இனி மாப்பிள்ளை எந்தத் தண்ணீரில் விழுந்தாலும் சத்யப்பிரியா தலைமுடியைத் தொட மாட்டாள் என்று வேண்டுமானால் எழுதித் தருகிறேன். உங்கள் தங்கையிடம் நானும் மணிமொழியும் நேரில் வந்து பேசிக்கொள்கிறோம். எங்கள் ஆட்கள் கைக்கு வந்த பத்துத் தட்டும் எங்கள் கூடத்தில் பத்திரமாக இருக்கின்றன, பழம் மட்டும் அழுகிவிட்டது. உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு எங்கள் வணக்கம், சிறியவர்களுக்கு ஆசி. மாப்பிள்ளை நூறு வயது இருக்க வேண்டும் என்று மாரியம்மனுக்கு மணிமொழி மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருக்கிறாள்.

என்றும் தங்கள் அன்புக்குரிய,
காசிநாதன்.

பின்குறிப்பு: கவரில் போடும் முன் சத்யப்பிரியா கடிதத்தைக் கேட்டு வாங்கிப் படித்தாள். மூன்று நாளைக்குப் பிறகு இப்போதுதான் பேசினாள். கோபமாகக்கூடப் பேசவில்லை. "அன்னைக்கி நம்ம சுரேச இப்புடி முடியப் புடிச்சி இழுத்துக்கிட்டு வந்து கரையில போட ஒருத்தி இருந்துருந்தா, அவ அப்பாட்ட மன்னிப்புக் கடிதாசி கேட்டுருப்பீங்களாப்பா?" என்று கேட்டுவிட்டு, தாளை என் கையிலேயே கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஆகவே மேலே கேட்ட மன்னிப்புகளை எல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பேனருக்காகக் கேட்டது மட்டும் நிற்கட்டும், அது நான் செத்தாலும் நிற்கும். வைகாசித் தேதியை உங்கள் விருப்பம்போல் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டாலும் சரி. மாப்பிள்ளைக்கு இருமலோ காய்ச்சலோ இருந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள், பள்ளத்துத் தண்ணீர் நெஞ்சுக்குள் போயிருக்கும். என் பையனை அப்படி ஒருத்தி இழுத்துப்போட்டிருந்தால் நான் அவள் காலில் விழுந்திருப்பேன், சாமிதுரை. நீங்கள் விழ வேண்டாம். ஒரு போன் போட்டு, 'சாப்பிட்டியாம்மா' என்று அவளிடம் கேளுங்கள். உங்கள் வீட்டிலிருந்து இதுவரை யாரும் கேட்கவில்லை.