ஹெப்சி சொன்ன சாட்சி

கர்த்தருக்குள் பிரியமான மைத்துனன் மெர்வினுக்கு, தாம்பரத்திலிருந்து அத்தான் தேவானந்தம் எழுதுவது. இங்கு எல்லாரும் நல்ல சுகம் என்றுதான் ஆரம்பித்தேன். உன் அக்கா ஹெப்சி எட்டிப் பார்த்து, பொய் எழுதாதீங்க என்றுவிட்டாள்.

விஷயம் இதுதான். சில மாதமாக அவளுக்கு நீர்க்கடுப்பு, அரிப்பு. வெட்கப்பட்டுக்கொண்டு என்னிடம் வெறும் சூடு என்றாள். நான் சும்மா இருப்பேனா? சர்க்கரை வியாதிக்காரி என்பதையே மறந்து கரும்புச்சாறு வாங்கி வந்து, குடி குடி என்று படுத்தி எடுத்தேன். எரிச்சல் கூடியது. மருந்துக்கடை ஜெயவேலுவிடம் டாக்டர் சீட்டு இல்லாமலே ஆன்டிபயாடிக் வாங்கினேன், குறையவில்லை என்றதும் இன்னும் பவரானதாகக் கேட்டு வாங்கினேன். கடைசியில் காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாவில் வலி. அப்போதும் நான் மருந்துக்கடைக்குத்தான் கிளம்பினேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு தானே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். யூரின் கல்ச்சரில் தெரிந்தது பூஞ்சைக் கிருமி. ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாதாம், இன்னும் வளரத்தான் விடுமாம்; ஏறிக் கிடந்த சுகர் அதற்கு விருந்தாம். தள்ளிப்போட்டிருந்தால் கிட்னியே கெட்டிருக்கும் என்றார் டாக்டரம்மா. நான் பயந்துபோய் வீட்டுக்கு வந்து பாத்ரூம் சுவரில் இருந்த பூஞ்சையைச் சுரண்டி வெள்ளையடித்தேன். அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம் என்று படுக்கையிலிருந்தே சிரித்தாள் மகராசி.

பூஞ்சைக்கு மாத்திரை, சுகருக்கு இன்சுலின் என்று ஒழுங்காகப் பார்த்ததில் தேறிவிட்டாள். போன ஞாயிறு ஆராதனையில், சுகம் கிடைத்ததற்குச் சாட்சி சொல்ல எழுந்தாள். ஸ்தோத்திரம் சொல்லி உட்காருவாள் என்று பார்த்தால் மைக்கை வாங்கிக்கொண்டு, "சுகர் இருக்கிற பொம்பளைங்க கேளுங்க. ஒன்னுக்குப் போனா எரியுது, அரிக்குதுன்னா மறைக்காதீங்க. கடையில மாத்திரை வாங்கி முழுங்காதீங்க, டெஸ்ட் எடுங்க. நான் வெக்கப்பட்டே செத்திருப்பேன்" என்றாள். போதகர் தொண்டையைச் செருமினார். நான் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆராதனை முடிந்ததும் கோயரில் பாடும் ரத்தினபாய் முதற்கொண்டு அத்தனை பெண்களும் அவளைச் சூழ்ந்துகொண்டு விடவே இல்லை. எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன் மெர்வின், இவ்வளவு தைரியமாக ஒருத்தரும் பேசியதில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

உன்னையும் உன் மனைவி ஈவ்லினையும் பிள்ளைகளையும் கர்த்தர் குறைவில்லாமல் காப்பாராக.

அன்புள்ள அத்தான்,
தேவானந்தம்

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் நீ படித்திருக்க மாட்டாய். என் கடிதத்தில் நீ பின்குறிப்பு மட்டும்தான் படிப்பாய் என்று உன் அக்கா சொல்கிறாள். பரவாயில்லை. ஈவ்லினுக்கும் அதே தொல்லைதான். அவரிடம் சொல்ல வெட்கமா இருக்கு, நீங்களே சொல்லுங்க அண்ணா என்று எங்கள் சமையலறையில் நின்று அழுதாள். அதனால்தான் அவள் முன்னால் நீ பிரிக்காதபடி உன் சிறுசேரி ஆபீஸ் முகவரிக்கு அனுப்புகிறேன். இன்றே லீவு போட்டு அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போ. என்ன தொல்லை என்பதைப் போகிற வழியில் மேலே படித்துக்கொள்.