கிரகப்பற்றாளர் கெல்வின்

கையில் ஒரு கொடியைக் கொடுத்தால் போதும், அது எந்த நாட்டுக் கொடி என்று பார்ப்பதற்கு முன்பே கண் கலங்கிவிடும் ஓர் இனம் உண்டு. பற்றாளர் இனம். நேற்று வரை அந்த அணியும் அவருக்குத் தெரியாது, அந்தச் சங்கமும் தெரியாது. இன்று காலை அதன் சட்டையை மாட்டிவிட்டீர்கள் என்றால், மதியத்துக்குள் அதன் வரலாறு, பெருமை, அதற்கு அடுத்தவன் இழைத்த அநீதி எல்லாம் அவர் வாயிலிருந்து தாமாக வந்து விழும். எங்கிருந்து வருகிறது? அதுதான் எனக்கு இன்று வரை விளங்கவில்லை.

இந்த இனத்தைக் கிட்டே இருந்து பார்க்க ஆஸ்திரேலியாவில் எங்கள் கோல்ட் கோஸ்டைப் போல வசதியான இடம் கிடையாது. இங்குள்ள படப்பிடிப்புத் தளங்களில் வருடம் முழுக்க எவனாவது ஓர் அதிமனிதன் வானத்தில் பறந்து இரண்டு கிரகங்களைக் காப்பாற்றிக்கொண்டே இருக்கிறான். கிரகவாசிகள் யார்? பக்கத்துப் பேட்டைகளான நெராங்கிலும் சவுத்போர்ட்டிலும் ஓய்வு பெற்று வீட்டில் இருப்பவர்கள்தாம். ஒப்பனைப் பிரிவில் அவர்களுக்குப் பசை தடவிக் கொம்பு ஒட்டுவது என் பிழைப்பு.

போன படத்தில் வந்த கிரகங்களுக்கு வாயில் நுழையாத பெயர்கள். நாங்கள் சுருக்கமாகக் கொம்பர், நீலர் என்போம். கொம்பர்கள் மரியாதை செய்வதென்றால் முதுகைக் காட்டுவார்கள். 'உன்னை நம்புகிறேன், வேண்டுமானால் குத்திக்கொள்' என்று அர்த்தம். நீலர்களுக்கோ முதுகைக் காட்டுவதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. கண்ணைச் சிமிட்டாமல் பார்த்து, தன் தட்டிலிருந்து ஒரு வாய் ஊட்டினால்தான் வணக்கம். கொம்பர் தூதர் நீல அரசிக்கு மனதார முதுகைக் காட்டப் போக, பெரும் போர் மூண்டுவிடுகிறது. இத்தனை தொன்மையான பண்பாடுகளையும் படத்துக்குக் கதை எழுதி, கூட்டத்தையும் கவனித்துக்கொண்ட டாலியா என்கிற பெண் ஒரு செவ்வாய்க்கிழமை, பொரித்த மீன் சாப்பிட்டுக்கொண்டே யோசித்து எழுதினாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

இனி நம் ஆளுக்கு வருவோம். கெல்வின் டிரான்டர். வாழ்நாளெல்லாம் நீச்சல் குளங்களுக்கு வேலி அடித்து ஓய்வு பெற்றவர். படத்தில் கூட்டத்தோடு நிற்க ஆள் வேண்டும் என்று அறிவிப்பு வந்ததும், இருவர் பெயரையும் கொடுத்தது அவர் மனைவி நொரீன். ஏன் என்று முதல் நாளே என்னிடம் சொன்னார்.

"கல்யாணம் ஆனதுலேருந்து இந்த மனுஷன் மத்தியானச் சாப்பாடெல்லாம் ஊரான் வீட்டுக் குளத்தோரமாத்தான். ரிட்டயர் ஆனாரு, சரி இனிமேலாவதுன்னு பாத்தா, கொல்லையில இருக்கிற ஷெட்டுக்குள்ள போய் உக்காந்துக்கிட்டாரு. இங்க வந்தாலாவது ரெண்டு பேரும் ஒரே மேஜையில சாப்பிடலாமேன்னு ஒரு ஆசை, கண்ணு."

ஆசை என்னவோ சின்ன ஆசைதான். ஆனால் கெல்வினுக்குக் கொம்பு விழுந்தது, நொரீனுக்கு நீலம் விழுந்தது.

முதலில் கெல்வினும் எல்லாரையும் போலத்தான் முனகினார். கனக்கிறது, அரிக்கிறது, காருக்குள் நுழைய முடியவில்லை. அப்புறம் ஒரு நாள் காலையில் நாற்காலியில் உட்கார்ந்தவரின் முதுகு விறைப்பாக இருந்தது.

"மச்சான், கொம்ப நல்லா நிமித்தி ஒட்டு. எங்காளுங்க யாருக்கும் தலை குனிஞ்சதில்ல."

"எப்பலேருந்து?"

"பரம்பரை பரம்பரையா."

பரம்பரைக்கு அன்றோடு ஒரு வாரம் ஆகியிருந்தது. அதிலிருந்து பிடித்தது கிரகப்பற்று. கொம்பர்களுக்கென்று தனி மேஜை. நீலர்களுக்கு மட்டும் மின்விசிறிக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கியது ஏன்? வெயிலில் அவர்களுடைய சாயம் வழிந்துவிடும் என்பதால்தான். ஆனால் கெல்வின் அதில் ஒரு சதியைப் பார்த்தார். சாசேஜ் ரோல் அவர்களுக்குச் சூடாகவும் நமக்கு ஆறியும் வருவது ஏன்? நம்மவர்கள் உட்கார்ந்து புலம்பிவிட்டுத் தாமதமாகப் போவதால்தான். அதிலும் ஒரு சதி.

ஒரு நாள் நொரீன் முட்டை சாண்ட்விச் செய்து, கெல்வினுக்குப் பிடித்த மாதிரி ஓரம் வெட்டி, பீட்ரூட் துண்டும் வைத்து எடுத்துக்கொண்டு கொம்பர் மேஜைக்கே வந்துவிட்டார்.

"கெல், கொஞ்சம் நகரு. நானும் உக்காந்துக்கறேன்."

கெல்வின் எழுந்தார். முழு உயரத்துக்கு நிமிர்ந்தார். மெல்லத் திரும்பி முதுகைக் காட்டினார்.

"என்னய்யா இது?"

"மரியாதை, நொரீன். எங்க கிரகத்துல இதுக்கு மேல மரியாதையே கிடையாது."

"மரியாதை எல்லாம் வேணாம். உக்கார எடம் குடு."

"அது எப்படி முடியும்? சண்டை நடந்துக்கிட்டிருக்கு. எங்காளுங்க என்ன நெனப்பாங்க?"

அவருடைய ஆளுங்க என்பது ஒரு முன்னாள் பல் மருத்துவரும் ஒரு மீன்கடைக்காரரும். இருவரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியதில் கொம்புகள் சிக்கிக்கொண்டன, நான்தான் போய்ப் பிரித்துவிட்டேன். டப்பாவை மூடிக்கொண்டு அந்த அம்மாள் தனியாகத் திரும்பி நடந்தார். மறுநாள் கெல்வினின் கொம்பைக் கொஞ்சம் கோணலாகவே ஒட்டினேன்.

கடவுள் இருக்கிறார் என்பதற்கு அடையாளமாகக் கெல்வின் நெற்றியில் சொறி கிளம்பியது.

"பசை உங்களுக்கு ஒத்துக்கல, கெல்வின். நாளைலேருந்து நீங்க நீலம்."

"என்னைக் கொம்பனாவே சாக விடு, மச்சான்."

"சொறிஞ்சு சொறிஞ்சுதான் சாவீங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, கழற்றி வைத்த கொம்புகளை ஒரு தடவு தடவிவிட்டுப் போனார். செய்தி கேட்ட நொரீனுக்கோ தலைகால் புரியவில்லை. மறுநாள் பெரிய டப்பாவாக எடுத்து வந்தார். லாமிங்டன் கேக் வேறு. பளபளவென்று நீலமாக வந்த கெல்வின் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். எத்தனை வருட ஆசை! நொரீன் ஒரு துண்டைப் பிய்த்து, நீலர் வழக்கப்படி ஊட்டப் போனார். கெல்வின் கையால் தடுத்தார்.

"கண்ணைச் சிமிட்டிட்டே, நொரீன். எங்க முறை அது இல்ல."

"படம் ஆரம்பிச்சதுலேருந்து நான் நீலம். நீ இன்னைக்குக் காலையில வந்தவன்."

"அதான் விஷயமே. பழகிப்போனவங்களுக்கு அருமை தெரியறதில்ல. அந்தக் கொம்பனுங்களப் பாரு, எப்பப் பாத்தாலும் முதுகைக் காட்டிக்கிட்டு... நாகரிகம் தெரியாத கும்பல்!"

சொன்னதோடு நிற்கவில்லை. ஊட்டும் முறையை மற்ற நீலர்களுக்குச் சொல்லிக் கொடுக்க எழுந்து போனவர் சாப்பாட்டு நேரம் முடியும் வரை திரும்பி வரவில்லை.

அடுத்த நாள் காலையில் என் நாற்காலியில் நொரீன் உட்கார்ந்திருந்தார்.

"கொம்பு ஒட்டு, கண்ணு. அந்தப் பக்கம் ஒரு ஆள் குறையுதில்ல, டாலியா சரின்னுட்டா."

கெல்வினின் கொம்புகள்தாம் சும்மா கிடந்தன. அவற்றையே ஒட்டினேன்.

"கெட்டியா ஒட்டு," என்றார்.

மதியம் தட்டோடு நீலர் மேஜைக்கு வந்த கெல்வின் சுற்றும்முற்றும் தேடினார். சாண்ட்விச் டப்பா எதிரி மேஜையில் இருந்தது. பசி எந்தக் கிரகத்தையும் மதிக்காது போலிருக்கிறது. மெல்ல நடந்து வந்தார்.

"நொரீன்... என் சாண்ட்விச்?"

நொரீன் எழுந்தார். முழு உயரத்துக்கு நிமிர்ந்தார். மெல்லத் திரும்பி முதுகைக் காட்டினார். பல் மருத்துவரும் மீன்கடைக்காரரும்கூட எழுந்து திரும்பிக்கொண்டார்கள்.

"எல்லார் முன்னாடியும் அவமானப்படுத்தறியா?"

"அவமானமா? மரியாதை, கெல். எங்க கிரகத்துல இதுக்கு மேல மரியாதையே கிடையாது."

நீலத்துக்குள்ளும் ஒரு மனிதன் சிவக்க முடியும் என்று அன்றுதான் கண்டேன். பிறகு கெல்வின் ஒரு நாற்காலியை இழுத்து, அந்த முதுகுக்குப் பின்னாலேயே உட்கார்ந்துகொண்டார். நொரீனும் உட்கார்ந்தார்; திரும்பாமலே, தோளுக்கு மேலாக ஒரு சாண்ட்விச் துண்டை நீட்டினார். கெல்வின் வாங்கித் தின்றார். அந்த அம்மாளின் தோள்கள் குலுங்கின; சிரிப்புத்தான்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார் கெல்வின். "ஆனா எங்க கிரகத்து ரொட்டி இன்னும் கொஞ்சம் மெத்துனு இருக்கும்."

பாவம் கெல்வின் என்று சிரிக்கிறீர்கள். உங்கள் குடியிருப்பில் பக்கத்துக் கட்டடத்துக்காரர்களைப் பற்றி நீங்கள் கடைசியாக என்ன சொன்னீர்கள்? என்னைக் கேட்டால், எங்கள் பசைக் கூடாரத்தில் நீலர்களுக்குச் சாயம் அடிக்கிறவர்களுக்குத் தேநீர் கொடுப்பதில்லை. ஆனால் அது வேறு விஷயம், அவர்கள் உண்மையிலேயே அப்படிப்பட்டவர்கள். நீங்கள் எந்தப் பக்கமும் சேராதவரா? மார்தட்டிக்கொண்டு அப்படிச் சொல்கிறவர்கள் எங்கள் தளத்தில் நிறையப் பேர், அவர்களுக்கும் ஒரு தனி மேஜை போட்டிருக்கிறோம். வாருங்கள், தலையைக் காட்டுங்கள். உங்கள் அளவுக்கு ஒரு ஜோடி எடுத்து வைத்திருக்கிறேன்.